அப்பாவின் மறுமணத்துக்கு மகள் ஏன் போகவில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்களோடு வேலை பார்க்கும் யூதப் பெண்ணின் அம்மா போன வருடம் இறந்துவிட்டார், அப்பா இப்போது மறுமணம் செய்துகொள்ளப் போகிறார், "எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் நான் கல்யாணத்துக்குப் போகமாட்டேன், எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி" என்று அந்தப் பெண் சொன்னாராம். அது உண்மையிலேயே மத விதியா, அல்லது அப்பா மேல் இருக்கும் கோபத்துக்கு ஒரு சாக்கா என்று கேட்கிறீர்கள்.

சாக்கு இல்லை. ஆனால் விதியும் இல்லை. யூதர்களிடம் ஹலாகா என்றால் சட்டம், மின்ஹாக் என்றால் வழக்கம், இரண்டையும் அவர்கள் ரொம்ப கவனமாகப் பிரித்துப் பேசுவார்கள். பெற்றோரின் மறுமணத்துக்குப் பிள்ளைகள் போவதில்லை என்பது கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்களில் ஒரு பகுதியினரிடம், குறிப்பாக ஹசீதிக் (பக்தி இயக்க மரபைச் சேர்ந்த) குடும்பங்களில், வலுவாக இருக்கும் ஒரு மின்ஹாக். பழைய யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் இப்படி ஒரு தடை கிடையாது. யோசேஃப் காரோ தொகுத்து 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் ஆருக் என்ற சட்டத் தொகுப்பிலும் கிடையாது. பல குடும்பங்கள் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்பார்கள். சீர்திருத்தப் பிரிவு வீடுகளில் பிள்ளைகளே ஹுப்பாவின் (மணப்பந்தலின்) நான்கு கம்புகளைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் சாதாரணம். ஆகவே 'யூதர்கள் இப்படித்தான்' என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது.

காரணம் என்ன சொல்கிறார்கள் என்றால், முதலில் சொல்வது இறந்துபோன அம்மாவுக்கு அல்லது அப்பாவுக்கு மரியாதை. 'உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணு' என்ற கட்டளை சாவோடு முடிவதில்லை. உயிரோடு இருக்கும்போதும் கனம்பண்ண வேண்டும், இறந்த பிறகும் கனம்பண்ண வேண்டும் என்று தல்மூதின் கித்தூஷின் பகுதி சொல்கிறது. அம்மா இருந்த இடத்தில் இன்னொருவர் வந்து நிற்பதை மகள் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மரியாதை குறைகிற மாதிரி ஆகிவிடுமோ என்ற தயக்கம்தான் இது. இரண்டாவது காரணம் நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது: மணமக்களை மகிழ்விப்பது அங்கே விருந்தினர் ஒவ்வொருவருடைய கடமை, கண் கலங்கி நிற்கும் பிள்ளை அதைச் செய்ய முடியாது, புது மணப்பெண்ணுக்கும் அது சங்கடம். ஒரே வழக்கம் மூன்று பேரைக் காப்பாற்றப் பார்க்கிறது. போய்விட்டவர், வரப்போகிறவர், நடுவில் நிற்கும் பிள்ளை.

ஆனால் என் கணிப்பில் இதன் வேர் துக்கக் கணக்கில் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. மனைவி இறந்தால் கணவனுக்கு முறைப்படி துக்கம் 30 நாள். அம்மா இறந்தால் பிள்ளைக்கு 12 மாதம். அந்த 12 மாதமும் பிள்ளை விருந்துக்கும் இசை நிகழ்ச்சிக்கும் போகாது, கல்யாண விருந்தும் அதில் அடக்கம். ஒரே வீட்டில், ஒரே சாவுக்கு, இரண்டு வேறு நாள்காட்டிகள் ஓடுகின்றன! அப்பா முடித்துவிட்டார், மகள் இன்னும் முடிக்கவில்லை. மதம் அவளை அவசரப்படுத்தவும் இல்லை.

உடனே கேட்பீர்கள், அப்படியென்றால் அப்பா 31-ஆம் நாளே கல்யாணம் செய்துகொள்ளலாமா? கூடாது. மனைவியை இழந்தவர் மூன்று பண்டிகைகள் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வசந்த காலத்தில் வரும் பஸ்கா, அதற்கு ஏழு வாரம் கழித்து ஷாவுவோத், இலையுதிர் காலத்தில் சுக்கோத் என்ற மூன்று யாத்திரைப் பண்டிகைகள்தான் கணக்கு, யூதப் புத்தாண்டு சேராது. மனைவி பஸ்காவுக்குக் கொஞ்சம் முன்னால் இறந்தால் அந்த இலையுதிர் காலத்தில் சுக்கோத் முடிந்ததும் மணம் செய்யலாம், அதாவது ஆறு, ஏழு மாதம். பஸ்கா முடிந்தவுடன் இறந்திருந்தால் அடுத்த பஸ்காவரை காத்திருப்பு, கிட்டத்தட்ட ஒரு வருடம். பண்டிகை நாளில்தான் வீட்டில் அவள் இல்லாதது தெரியும், அதை மூன்று முறையாவது தனியாகக் கடந்து வந்தால்தான் புதிதாக வருபவளிடம் பழையவளைத் தேடாமல் இருப்பான் என்று உரையாசிரியர்கள் காரணம் சொல்வார்கள். இந்தக் கணக்குப்படி பார்த்தால் அப்பாவின் கல்யாணம் மகளின் 12 மாதத்துக்குள்ளேயே விழ நிறைய வாய்ப்பு இருக்கிறது. உங்கள் தோழியின் விஷயமும் இதுவாகவே இருக்கலாம், அம்மா இறந்து எத்தனை மாதம் ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு விலக்கு உண்டு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாத சின்னக் குழந்தைகள் இருந்தால் பண்டிகைகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தல்மூதில் மோயேத் கத்தான் என்ற பகுதியில் ஒரு சம்பவம் வரும். யோசேஃப் என்ற ஆசாரியரின் (ஆலயப் பூசாரிக் குலத்தவரின்) மனைவி இறந்துவிடுகிறாள். அடக்கம் நடக்கிற அந்த மயானத்திலேயே அவர் மனைவியின் தங்கையிடம், "போ, உன் அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்" என்கிறார். அதுதான் பெண் கேட்டது. வாசிக்கிறவருக்கு முதலில் பகீர் என்றுதான் இருக்கும், எனக்கும் இருந்தது. ஆனால் அடுத்த வரியிலேயே, அப்படிச் சொல்லியும் ரொம்ப நாள் கழித்துத்தான் அவளை மனைவியாக நெருங்கினார், 30 நாளாவது ஆகியிருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த அவசரம் அவருக்காக அல்ல, வீட்டில் பசியோடு இருந்த பிள்ளைகளுக்காக.

பிள்ளைகள் என்று வந்துவிட்டால் இந்தச் சட்டம் எவ்வளவு இறங்கி வந்து யோசிக்கிறது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். விதவையோ விவாகரத்தானவரோ எந்தப் பெண்ணும் மறுமணத்துக்கு 90 நாள் காத்திருக்க வேண்டும், வயிற்றில் குழந்தை இருந்தால் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பதற்காக. ஆனால் கையில் பால்குடிக் குழந்தை இருந்தால் அந்தக் குழந்தைக்கு 24 மாதம் ஆகும்வரை மணம் கூடாது. ஏன்? மறுபடி கர்ப்பமானால் பால் வற்றிவிடும். சரி, பால் வற்றினால் முட்டையும் மாட்டுப் பாலும் கொடுத்து வளர்க்கலாமே என்று தல்மூதே கேட்கிறது. புதுக் கணவன் தன் குழந்தைக்கு வாங்கிக் கொடுப்பான், அடுத்தவன் குழந்தைக்குக் கொடுப்பானா? முதல் கணவனின் வாரிசுகள் மேல் அவள் வழக்குப் போடலாமே? நீதிமன்றம் ஏற அவள் வெட்கப்படுவாள், குழந்தை செத்துப்போகும். முட்டைக்கும் பாலுக்கும் ஒரு தாய் யாரிடம் கை நீட்ட வேண்டியிருக்கும் என்பதுவரை உட்கார்ந்து வாதாடியிருக்கிறார்கள். தல்மூதுக்கு அடிப்படையான சட்ட நூல் மிஷ்னா; அதன் கெத்துபோத் பகுதியின் கடைசிக்கு முந்தைய அத்தியாயம், மனைவிக்கு முந்தைய கணவனிடம் பிறந்த மகளுக்கு ஐந்து வருடம் சோறு போடுவதாக ஒருவன் ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று பேசுகிறது. அவன் போட்டே ஆக வேண்டும். அவளை விவாகரத்து செய்து, அவள் வேறொருவனை மணந்து, அவனும் அதே ஒப்பந்தம் செய்தால்கூட முதலாமவன் தப்ப முடியாது, ஒருவன் சோறு, மற்றவன் அதற்கான பணம். 'என் வீட்டுக்கு வந்தால் போடுகிறேன்' என்றும் அவன் சொல்லக் கூடாது, தாய் எங்கே இருக்கிறாளோ அங்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு யோசித்தவர்கள், பிள்ளை கல்யாணப் பந்தலில் நிற்கலாமா என்று மட்டும் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால் கதைகளில் பதில் இருக்கிறது, அதுவும் இன்றைய வழக்கத்துக்கு எதிர்த்திசையில்.

பைபிளின் ஆதியாகமம் 24-ஆம் அதிகாரத்தில், ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்கு மணப்பெண்ணாக ரெபெக்காள் ஒட்டகத்தில் வந்துகொண்டிருக்கும்போது ஈசாக்கு லகாய்ரோயீ என்ற துரவிலிருந்து (கிணற்றிலிருந்து) திரும்பி வருகிறான் என்று ஒரு சின்னத் தகவல் வரும். அந்தத் துரவு சாராளின் அடிமைப் பெண் ஆகாருடைய கதையில் வருவது, அவளுக்குத் தேவதூதன் தெரிந்த இடம். இவனுக்கு அங்கே என்ன வேலை? மித்ராஷ் என்ற பழைய வேத விளக்கக் கதைத் தொகுப்பு பதில் சொல்கிறது, 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷியும் அதையே எடுத்து எழுதுகிறார்: அப்பா ஆபிரகாமுக்கு மணம் முடித்து வைக்க ஆகாரை அழைத்து வரப் போயிருந்தான். அடுத்த அதிகாரத்தில் ஆபிரகாம் மணக்கும் கேத்தூராள் ஆகார்தான் என்பது அவர்கள் விளக்கம். எல்லா உரைகாரர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆகார் யார்? ஈசாக்கின் அம்மா சாராள் வீட்டைவிட்டுத் துரத்தச் சொன்னவள். அம்மா இறந்து மூன்று வருடம் ஆகிறது, அவள் இறக்கும்போது இவனுக்கு 37 வயது, இப்போது 40. அந்த அதிகாரத்தின் கடைசி வசனத்தில்தான் ரெபெக்காளை மணந்த பிறகு தாயைப் பற்றிய துக்கம் நீங்கி ஆறுதல் அடைந்தான் என்று வருகிறது. அதாவது தன் துக்கம் இன்னும் ஆறாத நிலையில், அம்மாவுக்கு ஆகாத ஒருத்தியை, அப்பா தனியாக இருக்கக் கூடாதே என்று தானே தேடிப் போய்க் கூட்டி வந்திருக்கிறான். மறுமணத்தில் பிள்ளையின் பங்கு பற்றி இதைவிடக் கனமான இடம் எனக்குத் தெரிந்து யூத மரபில் இல்லை.

இன்னொரு கதை தல்மூதின் சோதா பகுதியில். ஆண் குழந்தைகளைக் கொல்ல பார்வோன் கட்டளையிட்டதும், இனி பிள்ளை பெற்று என்ன பயன் என்று மோசேயின் அப்பா அம்ராம் தன் மனைவி யோகெபேத்தை விலக்கிவிடுகிறான். அவன் பெரிய மனிதன் என்பதால் ஊரே அதைப் பின்பற்றுகிறது. சிறுமி மிரியாம் அப்பாவிடம் வந்து, "உங்கள் கட்டளை பார்வோனுடையதைவிடக் கொடுமை, அவன் ஆண் பிள்ளைகளை மட்டும்தான் சொன்னான், நீங்கள் பெண் பிள்ளைகளையும் சேர்த்துத் தடுத்துவிட்டீர்கள்" என்கிறாள். அம்ராம் மனம் மாறி, சும்மா வீட்டுக்குத் திரும்பி வா என்று கூப்பிடாமல், முறைப்படி கல்யாணமே செய்து, அவளைப் பல்லக்கில் உட்கார வைக்கிறான். ஆரோனும் மிரியாமும் அம்மாவின் பல்லக்குக்கு முன்னால் ஆடிக்கொண்டு போகிறார்கள். மோசே இன்னும் பிறக்கவில்லை, ஆரோன் அவனைவிட மூன்று வயது மூத்தவன், ஆகவே அன்று இரண்டு வயதுக் குழந்தை, நடை பழகிய கொஞ்ச நாளில் ஆடுகிறான். தேவதூதர்கள் பைபிளின் சங்கீத நூலிலிருந்து 'பிள்ளைகளின் தாய் மகிழ்கிறாள்' என்ற வரியைப் பாடுகிறார்கள். வழக்கத்தை ஆதரிப்பவர்கள், இது அதே அப்பா அதே அம்மாதானே, புது ஆள் யாரும் வரவில்லையே என்பார்கள். நியாயமான மறுப்புதான், அதை ஒதுக்கிவிட முடியாது.

இங்கே விவாகரத்து விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே வலி வேறு மாதிரி. உபாகமம் 24-ஆம் அதிகாரத்தின்படி, விவாகரத்தான பெண் வேறொருவரை மணந்துவிட்டால், அந்த இரண்டாவது கணவர் இறந்தாலும் விலக்கினாலும் முதல் கணவரிடம் திரும்ப முடியாது. அதுவரை திரும்பலாம், கதவு திறந்திருக்கிறது. (அப்பா ஆசாரியக் குலத்தவர் என்றால் விவாகரத்துப் பத்திரம் கைமாறிய அன்றே கதவு மூடிவிடும், அவர் எந்த விவாகரத்தான பெண்ணையும் மணக்க முடியாது, தன் பழைய மனைவியைக்கூட.) பெற்றோர் பிரிந்த பிள்ளைகள் ஏதோ ஒரு மூலையில், மறுபடி சேர்ந்துவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டே இருப்பார்கள். பதினான்கு வயதுப் பையன் அம்மாவின் ஹுப்பா முன்னால் நிற்கும்போது, மாப்பிள்ளை மோதிரம் போடும் அந்த நிமிடத்தில் அவனுடைய நம்பிக்கை சட்டப்படியே முடிகிறது. அவனை அங்கே நிறுத்தி வைத்து, ஏன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று கேட்பது எனக்குக் கொடுமையாகத் தெரிகிறது. அந்த மாதிரிப் பிள்ளைக்கு 'நம் வழக்கத்தில் போக வேண்டாம்' என்பது ஒரு நிழல்.

ஒன்றைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். நாங்கள் ப்ரூக்ளினில் குடியிருந்தபோது பக்கத்து வீட்டில் வைதீக யூதக் குடும்பம், அம்மா இறந்து ஒரு வருடம் கழித்து அப்பாவுக்கு ஒரு வியாழக்கிழமை மாலை கல்யாணம். வியாழன் என்பதுகூட எனக்குப் பொருத்தமாகப் பட்டது, மிஷ்னாவில் கன்னிக்கு புதன், விதவைக்கு வியாழன் என்று பழைய ஏற்பாடு உண்டு, வியாழன், வெள்ளி, சபத் (சனிக்கிழமை ஓய்வு நாள்) என்று மூன்று நாள் கணவன் வேலைக்குப் போகாமல் அவளோடு இருக்க வேண்டும் என்பதற்காக. இரண்டு அண்ணன்களும் போனார்கள், கடைசிப் பெண் போகவில்லை. தனியாக இருப்பாளே என்று நான் போய் அவர்கள் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். சபத்துக்கான ஹல்லா ரொட்டிக்கு மாவு பிசைந்து, ஆறு பிரி போட்டுப் பின்னிக்கொண்டிருந்தாள், அம்மா கற்றுக்கொடுத்த பின்னல். அழவில்லை, அதிகம் பேசவும் இல்லை, நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி வாக்கில் கார் சத்தம் கேட்டதும் கையைத் துடைக்காமலேயே ஓடிப் போய்க் கதவைத் திறந்து, அப்பாவிடமும் அவருடைய புது மனைவியிடமும் "மசல் தோவ்" (வாழ்த்துகள்) என்றாள், கதவுக் கைப்பிடி முழுக்க மாவு. அந்த அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜையைப் பார்த்துவிட்டு, "எனக்கு நாலு பிரிதான் தெரியும், ஆறு எப்படிப் போடுவது?" என்று கேட்டார். அவள் பந்தலுக்குப் போகாததை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரி, உங்கள் தோழி சொன்னதுக்கு வருகிறேன். பல ரபிகள் (யூத மத குருமார்கள்) இப்படிப்பட்ட கேள்வி வந்தால் முதலில் கேட்பது, அப்பாவுக்கு என்ன விருப்பம் என்பதைத்தான். பிள்ளை வராவிட்டால் அப்பா மனம் உடைவார், அல்லது புது மனைவியின் குடும்பத்துக்கு முன்னால் அவமானப்படுவார் என்றால், அந்த வழக்கத்தைவிட உயிரோடு இருக்கும் தந்தையைக் கனம்பண்ணும் கட்டளை பெரியது, அது சட்டம், இது வழக்கம். நடுவழிகளும் இருக்கின்றன. சிலர் ஹுப்பாவைத் தவிர்த்துவிட்டு விருந்துக்கு மட்டும் வருவார்கள். துக்க வருடத்தில் இருப்பவர் விருந்தாளியாக உட்காராமல் தட்டு எடுத்துக் கொடுக்கும் உதவியாளாக நின்றால் போகலாம் என்பது பல அஷ்கெனாசி சமூகங்களில் இருக்கும் பழைய வழி. மகன்கள் வந்தாலும் சாட்சிக் கையெழுத்து போட முடியாது, உறவினர் சாட்சி செல்லாது, ஆனால் ஏழு ஆசீர்வாதம் சொல்லத் தேவைப்படும் பத்து ஆண்களில் ஒருவராக நிற்கலாம். மணமக்கள் இருவருக்குமே மறுமணம் என்றால் அந்த ஏழு ஆசீர்வாதங்கள் ஒரே நாள்தான், முதல் கல்யாணம் போல ஏழு நாள் விருந்து கிடையாது. ஆகவே வெளியூர்ப் பிள்ளைகள் வராமல் போனாலும் யாரும் ஒரு வாரமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

எனக்கு உண்மையில் முக்கியமாகப் படுவது பந்தலுக்கு அப்புறம் வருவது. வழக்கம் கல்யாணத்துக்குப் போகாதே என்று மட்டும்தான் சொல்கிறது, வீட்டுக்குப் போகாதே என்று சொல்லவே இல்லை. அப்பா உயிரோடு இருக்கும்வரை அவர் மனைவியைக் கனம்பண்ணுவது பிள்ளையின் கடமை என்று ஷுல்ஹான் ஆருக் தெளிவாகச் சொல்கிறது, அவர் இறந்த பிறகு கட்டாயம் இல்லை, ஆனாலும் செய்வது நல்லது என்று சேர்க்கிறது. இதற்குத் தல்மூதில் ஒரு காட்சி உண்டு. மிஷ்னாவைத் தொகுத்த ரபி யெஹூதா ஹநாசி மரணப் படுக்கையில் மகன்களைக் கூப்பிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "உங்கள் தாயின் மரியாதையில் கவனமாக இருங்கள்." தாயை மதிக்க வேண்டும் என்பது தோரா என்ற வேதத்திலேயே இருக்கிறதே, இதைத் தனியாகச் சொல்வானேன் என்று தல்மூத் கேட்டுவிட்டு, அவள் அவர்களைப் பெற்ற தாய் அல்ல, தந்தையின் மனைவி என்று பதில் சொல்கிறது. தான் கண் மூடியதும் பிள்ளைகளுக்குக் கடமை முடிந்துவிடும், அதற்கப்புறம் அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்ற கவலையில் சொன்ன வார்த்தை அது.

வழக்கத்தைச் சாக்காக வைத்து வருடக்கணக்கில் அப்பா வீட்டு வாசலை மிதிக்காத பிள்ளைகளும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் தோழி "சந்தோஷம்தான்" என்று முதலில் சொல்லிவிட்டுத்தானே "போகமாட்டேன்" என்றார். நான் அதை அப்படியே நம்புவேன்.

கடைசியாக, அவருக்கு வாழ்த்துச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள், "மசல் தோவ்" போதும், அப்பாவுக்கும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். "பாவம், உனக்குக் கஷ்டமாக இருக்குமே" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பணம் வைத்துக் கொடுப்பதானால் 18-இன் மடங்காக, 36 டாலர், 54 டாலர் என்று வையுங்கள், எபிரேயத்தில் 'உயிர்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். அப்புறம் அம்மாவின் நினைவு நாள் எப்போது என்று தெரிந்துகொண்டால் அதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அன்று வீட்டில் 24 மணி நேரம் விளக்கு எரியும், அன்றைக்கு நீங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தால், கல்யாண வாழ்த்தைவிட அதை அவர் நாள் கணக்கில் நினைத்துக்கொண்டிருப்பார்.